ஆறாவது கோலி

1

இந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வீடு திரும்பியபோது என் தம்பி ரவி செத்துப்போயிருந்தான். முன் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனப் பொட்டுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான். காலையில் நான் ட்ராம் ஏறப் போனபோது அவன் சாகவில்லை. ஏழு வருடமாகக் காணாமல் மட்டும்தான் போயிருந்தான்.

"ஆர் இதைச் செய்தது?" என்று கத்தினேன்.

குசினிக்குள் இருந்து என் மனைவி புஷ்பம் ஓடிவந்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, வெள்ளிக்கிழமை என்பதால் முழுகி, தலையில் துவாயோடு நின்றாள்.

"மாலை நான்தான் போட்டனான். படம் நீங்கள் கொழுவினதுதானே? கடைசியா மனம் தேறிட்டியள் எண்டு நினைச்சன்."

"நான் கொழுவேல்லை."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். கதிரையில் காலை மடித்துக்கொண்டு எங்கள் மகள் வதனி இருந்தாள். பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷைக் கலந்து பதில் சொல்கிற வயது.

"நான்தான். பெட்டிக்கு அடியிலை சித்தப்பான்ரை போட்டோ இருந்தது. ஸ்கூலிலை ஃபிரேம் செய்தனான். வட்ஸ் ரோங்? ஜூலி வீட்டிலை எல்லாற்றை படமும் சுவரிலை இருக்கு. நாயின்ரை படம்கூட. தே ஆர் ஆல் அலைவ், அப்பா!"

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் ஓர் ஆளின் படம் தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறினால், அதற்குப் பிறகு அந்த ஆளுக்குச் சோறு போடுவதில்லை, படைப்பதுதான். புஷ்பம் சுவரில் படத்தைக் கண்டாள், பூவைத் தேடினாள். இந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு வேலியால் எட்டிப் பார்க்கிற கமேலியாவை ஊசியால் கோத்திருந்தாள். பிழை யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை. ஆனாலும் மாலையைப் பிய்த்து எறிந்தேன். படத்தை இறக்கி, சந்தனத்தை என் சட்டைக் கையால் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வதனி அழுதாள்.

ரவியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரிப் பந்தாட்ட அணியில் இடது ஓரத்தில் ஆடியவன். ஓர் ஆவணி மாதம், கூட்டாளிகள் மூன்று பேரோடு வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்குச் சினிமாப் படம் பார்க்கப் போனான். எங்கள் கரையோரப் பொடியளுக்கு அது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. வள்ளம் அக்கரைக்கும் போகவில்லை, இக்கரைக்கும் வரவில்லை. ஒரு பலகை, ஒரு சட்டை, ஒன்றும் ஒதுங்கவில்லை.

இந்த வருடம் பெரியப்பா பிடிவாதமாக நிற்கிறார். ஏழு வருடம் போய்விட்டது, ஆவணியிலே கீரிமலைக் கடலடியில் செத்தவர்களுக்குச் செய்கிற கடைசிக் கிரியையான அந்தியேட்டியைச் செய்து முடிப்போம் என்கிறார். அம்மா மாட்டேன் என்கிறா. கடைசியில் இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெரியவன் சொல்லட்டும், அவன் சொன்னபடி செய்வோம்.

பெரியவன் நான். ஐயாயிரம் மைலுக்கு இப்பால் இருந்துகொண்டு, என் தம்பி செத்தானா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். ஆவணி பிறக்க முன்னர் போனில் சொல்வதாக அறிவித்திருந்தேன். என்ன சொல்வதென்று தெரியாது.

2

மெல்பேணில் நான் ஆண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். வேலை கிடைத்த கதையே தனிக் கதை. ஓர் அலுவலகத்தில் என் பட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பட்டத்தில் 'சிலோன்' என்று இருந்தது, பாஸ்போர்ட்டில் 'ஸ்ரீலங்கா' என்று இருந்தது. இரண்டும் ஒரே நாடுதான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். நாடு பெயர் மாற்றியதற்கு நான் பொறுப்பா? ஒரு மாதம் அலைந்து, ஒரு சமாதான நீதவானைப் பிடித்து, சிலோன்தான் ஸ்ரீலங்கா என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இங்கே பந்து உருண்டை இல்லை, முட்டை மாதிரி. அதைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், ஆளின் தோளில் ஏறிப் பிடிக்கலாம். முதல் நாள் பார்த்தபோது பொடியள் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து விலக்கப் போனேன். கல்லூரி முழுவதும் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சிரித்தது.

அப்படிப்பட்ட என்னைத்தான் இந்த வருடம் தெரிவுக் குழுவில் போட்டார்கள். கல்லூரியில் புது மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு சுவர் முழுக்க, கல்லூரிக்காகப் பந்தாடிய சிறந்த பழைய மாணவர்களின் படங்கள் ஏறப்போகின்றன. பெயர், ஆடிய இடம், கீழே பித்தளைத் தகட்டில் பிறந்த வருடம். ஆள் போய்விட்டால் இறந்த வருடமும். 'ஹோல் ஒஃப் ஃபேம்' என்கிறார்கள். புகழ் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள்தான் பொருத்தமான ஆள். உங்களுக்குப் பந்தாட்டம் தெரியாது. எந்தக் கட்சியும் இல்லை" என்றார் ஹார்பர். உப அதிபர், குழுவின் தலைவர். மெச்சுகிறாரா மட்டம் தட்டுகிறாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

குழுவில் ஐந்து பேர். ஹார்பர், பந்தாட்டப் பயிற்றுநர் மிக், பாதிரியார், பழைய மாணவரான ஒரு சட்டத்தரணி, நான். வாக்களிக்கும் முறை அந்தக் காலத்து முறை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைக் கோலியும் ஒரு கறுப்புக் கோலியும் தருவார்கள். மேசையில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன் வாயில் கோட்டுக் கை மாதிரி ஒரு துணிக்குழாய். அதற்குள் கையை விட்டு ஒரு கோலியைப் போட வேண்டும்; மற்றதை மூடிய தகரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரேயொரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பெயர் போயிற்று. அடுத்த கிழமை திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் மூன்றாம் தரமும் தோற்றால் அந்த ஆளின் பெயரை இனி எந்தக் காலத்திலும் மேசையில் வைக்கக் கூடாது.

முதல் இரண்டு கிழமையும் நல்ல வேடிக்கை. கல்லூரிக்காக ஆகக் கூடுதலான கோல் அடித்த ஒருவரின் பெயருக்கு நான்கு கறுப்பு விழுந்தது. அவர் பிறகு பழைய கார் விற்று, பாதிப் பழைய மாணவர்களைப் பேய்க்காட்டியவராம். வெள்ளை போட்டவன் நான் ஒருத்தன்தான். என்னிடம் கார் இல்லை.

3

மூன்றாம் கிழமை லென் டொய்லின் பெயர் வந்தது.

மிக் படத்தை மேசையில் வைத்தான். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருடத்துப் படம். மெலிந்த பொடியன், முழங்கால் வரை சேறு. எல்லோரும் கமெராவைப் பார்க்க, அவன் மட்டும் யாரோ கூப்பிட்டது மாதிரிப் பக்கத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது ஓரத்து ஆட்டக்காரன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனான். அங்கே காட்டுக்குள் காணாமல் போனவன்தான், உடலும் கிடைக்கவில்லை.

"இவனுக்கு வாக்கே தேவையில்லை. இவன் இல்லாத சுவர் என்ன சுவர்?" என்றான் மிக்.

ஹார்பர் தலையாட்டினார். "தாய்தான் விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறா. வயது போனவ. பிறகு சந்தோஷப்படுவா."

வாக்குப் போட்டோம். ஹார்பர் பெட்டியைத் திறந்து பச்சைத் துணியில் கவிழ்த்தார். ஐந்து வெள்ளை உருண்டன. அவற்றுக்குப் பின்னால், அவசரமில்லாமல், ஒரு கறுப்பு உருண்டு வந்தது.

ஐந்து பேர் போட்ட பெட்டியில் ஆறு கோலி. முதலில் சிரித்தோம். ஹார்பர் தகரத்தைத் திறந்தார். அதற்குள் ஐந்து கறுப்பும் அப்படியே இருந்தன. அந்தத் தகரத்தில் எந்தக் காலத்திலும் ஐந்து கறுப்புக்கு மேல் இருந்ததில்லை. நான் மேசையில் கிடந்த ஆறாவது கோலியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. குளிர்ந்து கிடந்தது.

"எவனோ பகிடி விட்டிருக்கிறான்" என்றார் ஹார்பர். ஆனால் விதி விதிதான். கறுப்பு விழுந்தால் விழுந்ததுதான்.

அடுத்த கிழமை அவர் கோலிகளைத் தானே எண்ணிக் கொடுத்தார். எங்கள் கைகளை விரித்துக் காட்டச் சொன்னார். பாதிரியாரின் கையையும் விடவில்லை. வெளியே மைதானத்தில் பனிப்புகார் இறங்கி, கோல் கம்பங்கள் இடுப்புக்குக் கீழே தெரியாமல் நின்றன. பெட்டியைக் கவிழ்த்தபோது ஐந்து வெள்ளை வந்தன. பிறகு ஒரு கறுப்பு. அந்தக் கறுப்போடு ஒரு புல்லும் ஒட்டிக்கொண்டு வந்தது. பாதிரியார் சிலுவைக் குறி போட்டார். மிக் புகாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.  

"தாயைப் போய்ப் பாருங்கள். அவ ஓமென்றால் இந்தப் பகிடியும் நிற்கும். உங்கள் ஆட்களுக்கு வயது போனவர்களோடு கதைக்க நன்றாக வரும்" என்றார் ஹார்பர் என்னைப் பார்த்து.

எங்கள் ஆட்கள் என்றால் யார்? அந்தக் கல்லூரியில் நான் ஒருத்தன்தான்.

4

மிஸஸ் டொய்லின் வீடு மைதானத்தின் பின்வேலியோடு ஒட்டியிருக்கிற பழைய பலகை வீடு. சனிக்கிழமை போட்டி முடிந்த கையோடு போனேன். எண்பதை நெருங்கிய மெலிந்த மனுசி, ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தா. நான் யார், எந்த நாடு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. குசினிக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி ஊற்றினா. மேசையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது, இன்னொரு தட்டால் மூடியபடி.

 ஊரில் அம்மா ரவிக்கு இரவில் அப்படித்தான் மூடி வைப்பா. ஏழு வருடமாக.

"சுவரைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறாய்" என்றா. அவ பேசியது இங்கிலீஷ்தான், நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

"உங்கள் மகனுக்குப் பெரிய மரியாதை" என்றேன். ஹார்பர் சொல்லித் தந்தது.

"அந்தத் தகட்டில் இரண்டு வருடம் போடுவார்கள். அவன் பிறந்த வருடம் எனக்குத் தெரியும், நான் பெற்றவள். மற்ற வருடத்தை இவர்களுக்கு யார் சொன்னது?"

"பட்டாளத்தில் இருந்து சொல்லியிருக்கிறார்களே."

"வந்தார்கள். இதே கதிரையில் இருந்துதான் சொன்னார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவன் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்."

மனம் பேதலித்த மனுசி என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்போதுதான் பின்கதவடியைக் கண்டேன். பழைய பேப்பர் விரித்து ஒரு சோடி பந்தாட்டச் சப்பாத்து வைத்திருந்தது. அந்தக் காலத்துத் தடித்த தோல். அடியில் ஈரச் சேறு, பச்சைப் புல். பேப்பரில் தண்ணீர் இன்னும் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அவவின் காலில் கம்பளிச் செருப்பு, துளி ஈரமில்லை.

என் பார்வையை அவ கவனித்துவிட்டா. "கழுவாமல் அப்படியே கழற்றிப் போட்டுவிடுவான். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறானா?" என்று சலித்துக்கொண்டா. எந்தத் தாயும் சலித்துக்கொள்கிற மாதிரித்தான்.

 தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவ கேட்டா: "நீ யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் ஒருவருக்கும் சொல்லாததை அன்று சொன்னேன். ரவி, வள்ளம், அக்கரை, மாலை போட்ட படம், ஆவணி, பெரியப்பா, அம்மா, எல்லாம். நான் வாய் திறந்து சொல்லும் வரைக்கும்தான் அவனுக்கு உயிர் என்றேன். சொல்லும்போது அழுதேன். ஆம்பிளை அழுதால் என்ன, அந்தக் குசினியில் வெட்கமாக இருக்கவில்லை.

அவ ஆறுதல் சொல்லவில்லை. "சுவரில் அடித்து மாட்டிவிட்டால் பிறகு அவர்கள் எங்கே வருவது?" என்று மட்டும் கேட்டா.

5

திங்கட்கிழமை ஹார்பரிடம் சொன்னேன். "தாய்க்கு விருப்பமில்லை. பெயரை எடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் இறந்த வருடம் போடாமல் விடுவோம்."

"பித்தளைத் தகட்டில் வெறும் கோடு விட முடியாது. பட்டாளம் முடிவு சொல்லி முப்பது வருடம் ஆகிறது" என்றார். அதே குரலைக் கேட்டிருக்கிறேன். பெரியப்பாவின் குரல்.

மூன்றாம் வாக்கு. பெட்டியை ஹார்பர் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். உள்ளே மிக் டோர்ச் அடித்துப் பார்த்தான். துணிக்குழாயை வெளியே இழுத்துத் தட்டினார்கள். ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனோம். நான் கடைசி.

குழாய்க்குள் கையை விட்டேன். உள்ளே குளிர்ந்தது. இரண்டு கோலியும் உள்ளங்கையில் இருந்தன, விரலால் தடவினால் எது எதென்று தெரியாது, ஆனால் எந்த விரலிடுக்கில் கறுப்பை வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். லென் என்ற பொடியனை நான் கண்டதில்லை. அவன் ஆடிய ஆட்டத்தின் விதிகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மூடி வைத்த தட்டு எனக்குத் தெரியும். கறுப்பை விட்டேன். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை, யாரோ கையில் ஏந்திக்கொண்டது மாதிரி.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாலு வெள்ளை, என் கறுப்பு ஒன்று, வழக்கமாக வருகிற கறுப்பு ஒன்று. ஆறு வரும்.

ஹார்பர் கவிழ்த்தார். நாலு வெள்ளை உருண்டன. ஒரு கறுப்பு உருண்டது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஹார்பர் பெட்டியை இரண்டு தரம் தட்டினார். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவினார்.

ஐந்து. அவ்வளவுதான். ஆறாவது வரவில்லை.

மிக் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இந்த முறை எங்களில் ஒருத்தன்" என்றான்.   ஹார்பர் படத்தை எடுத்து உறையில் போட்டார். இனி அது எந்தக் காலத்திலும் மேசைக்கு வராது.

கறுப்புக் கோலியைத் தகரத்தில் திரும்பப் போட நான்தான் எடுத்தேன். ஈரமாக இருந்தது. என் கை வியர்த்திருந்தது, அதனால் இருக்கலாம்.

6

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் எனக்குக் காவல் வேலை. மிஸஸ் டொய்ல் பின்வேலிக்கு அப்பால் தொப்பியோடு நின்றா. வணக்கம் சொல்லப் போனேன். வாக்கெடுப்பு இரகசியம். யார் என்ன போட்டது என்று புஷ்பத்துக்குக்கூட நான் சொல்லவில்லை.

"உன் கை நடுங்கவே இல்லையாம்" என்றா.

"யார் சொன்னது?"

அவ என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அந்தப் பக்கத்தில் அப்போது பந்தும் இல்லை, ஆளும் இல்லை. புல் மட்டும் ஒரு கோட்டில், யாரோ ஓடிப் போவது மாதிரி, மடிந்து மடிந்து நிமிர்ந்தது. மெல்பேண் காற்று அப்படித்தான் என்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் முன் அறைச் சுவரில் ரவி திரும்பவும் ஏறியிருந்தான். புஷ்பம்தான் பூட்டின பெட்டியின் திறப்பை வதனியிடம் கொடுத்திருக்கிறாள். இந்த முறை கத்தவில்லை. மாலை இல்லை, பொட்டு இல்லை. ஆனால் அவன் தனியாகவும் இல்லை. ஒரு பக்கத்தில் நான், மற்றப் பக்கத்தில் புஷ்பம், கீழே முன்பல் விழுந்த வயதில் சிரிக்கிற வதனி. எல்லாம் அவளே ஒட்டிய சட்டங்கள், ஒன்றும் நேராக இல்லை.

"இப்ப ஓகேயா அப்பா?" என்று கேட்டாள். "எல்லாரும் இருக்கிறம்தானே. இப்ப சித்தப்பாவும் அலைவ்."

இந்தப் பிள்ளை எங்களை விட்டுத் தள்ளிப் போகிறது என்று இவ்வளவு காலமும் புலம்பிக்கொண்டிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். "யூ ஆர் ஸ்குவாஷிங் மீ" என்றாள்.

ஆவணி பிறக்க முன்னர் ட்ரங்க் கோல் பதிந்தேன். ஊரில் கடைக்கார அண்ணரின் வீட்டில் போன் இருக்கிறது. அம்மாவை அங்கே வந்து நிற்கச் சொல்லியிருந்தேன். மூன்று நிமிடம் தருவார்கள். அதில் ஒரு நிமிடம் கடல் இரைகிற மாதிரிச் சத்தம்தான் கேட்டது. நான் சொல்வது எல்லாம் கொஞ்சம் பிந்தி என் காதுக்கே திரும்பி வந்தது.

"அம்மா, நான் பெரியவன் பேசுறன்."

பேசுறன், என்றது போன்.

"பெரியப்பாட்டைச் சொல்லுங்கோ. அந்தியேட்டி வேண்டாம். நான் சொல்ல மாட்டன் அம்மா. எங்கடை வாயாலை நாங்கள் அதைச் சொல்ல வேண்டாம்."

வேண்டாம், என்றது போன். பிறகு இரைச்சல். அம்மா அழுகிறாவோ என்று நினைத்தேன். இல்லை. குரல் தெளிவாக, பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி வந்தது.

"ஓம் தம்பி. நீ அப்பிடித்தான் சொல்லுவாய் எண்டு அவன் எனக்கு முந்தியே சொன்னவன்."

"ஆர் அம்மா?"

"வேறை ஆர்?" என்றா அம்மா. "காலெல்லாம் கடல் மண். கழுவிப்போட்டு உள்ளை வாடா எண்டால், எங்கை கேக்கிறான்."